வாசியில்லாக் காசு

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கடலூர் நகருக்குள் திருப்பாதிரிப்புலியூர் என்னும் நிலையம் இருக்கிறது. அங்கு இறங்கும் அன்பர்கள் நடந்தே சென்று அருள்மிகு பாடலீசுவரர் திருக்கோயிலை அடைந்துவிடலாம். கடைத்தெருவின் இரைச்சல் கோபுர வாயிலோடு நின்றுவிடும். உள்ளே பாடலீசுவரரும் பெரியநாயகி அம்மையும் எழுந்தருளியிருக்கிறார்கள். அம்மை அருந்தவம் புரிந்து இறைவனை அடைந்த தலம் இது. பாதிரி மரம் தலமரம். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்டதனால் புலியூர் ஆயிற்று. பாதிரியும் புலியூரும் சேர்ந்து ஊரின் பெயராக நிலைத்தன. நடுநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் இருபத்திரண்டில் இஃது ஒன்று.

இத்தலத்தின் பெருமையைக் கேட்கும் அடியார்களின் நெஞ்சம் உடனே கடற்பக்கம் திரும்பும். திருநாவுக்கரசு நாயனாரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் இடுமாறு பல்லவ மன்னன் ஆணையிட்டான். நாயனார் ஐந்தெழுத்தை ஓதினார். ஆழ்த்த வேண்டிய கல்லே தெப்பமாகி அவரைத் தாங்கி வந்தது. அவர் கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் வழங்குகிறது. சித்திரைத் திங்களில் அந்தக் கரையேற்றத்தை நினைந்து விழா எடுக்கிறார்கள். கரையேறிய நாயனார் நேரே பாடலீசுவரரின் திருமுன் வந்து, தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் இறைவனே என்னும் கருத்தமையப் பதிகம் பாடியருளினார்.

கையில் ஒரு காசும் இல்லாமல், உடலோடு பிணைத்த கல்லையே துணையாகக் கொண்டு ஒருவர் கடலைக் கடந்த ஊர் இது. இவ்வூரிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் இன்று கடல் கடந்து தலயாத்திரை செல்லும் முதியோர் பலர். அவர்களுடைய பைகளில் கடவுச்சீட்டு உண்டு. மருந்துப் பெட்டி உண்டு. திருநீற்றுச் சம்புடம் உண்டு. வங்கி கொடுத்த அட்டையும் உண்டு. முதல் மூன்றையும் அவர்கள் நன்கு கையாளுவார்கள். நான்காவதைத் தொடத்தான் அஞ்சுவார்கள்.

கடலுக்கு அப்பால் இரண்டு தலங்கள்

கடலூர்க் கரைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. கெடிலமும் பெண்ணையாறும் கடலோடு கலக்கும் இந்தக் கரை நெடுங்காலமாகத் துறைமுகமாக விளங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலாகிய மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. அதைத் தோற்றுவித்த குடியேறிகள் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கு இன்றும் தீமிதி விழா நடைபெறுகிறது. மலேசியாவின் பத்துமலையில் 272 படிகளின் அடியில் 2006 முதல் 140 அடி உயரமாய் நிற்கும் முருகப்பெருமானைக் காணாத யாத்திரைக் குழு அரிது.

எனினும் தேவாரத்தில் தோய்ந்த குடும்பங்களின் ஏக்கம் வேறு. பாடல்பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்து வரும் பெரியோர்களின் குறிப்பேட்டில் இறுதியில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் வடக்கே கயிலையும், தெற்கே ஈழநாட்டுத் தலங்கள் இரண்டுமே. அவ்விரண்டுள் ஒன்று திருக்கோணமலை. மற்றொன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம். கயிலைக்குச் செல்ல உடல் வலிமை வேண்டும். ஈழத்துக்குச் செல்ல அவ்வளவு வலிமை வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கியபோது இந்த ஏக்கம் பல இல்லங்களில் திட்டமாக மாறியது. மழைக்காலத்தில் அந்தக் கப்பல் நின்றுபோவதுண்டு. அப்போது வானூர்தி இருக்கிறது.

திட்டம் உருவானவுடன் எழும் முதற் கேள்வி, “பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?” என்பதே. இந்தக் கேள்வியில் நாணம் கொள்ள ஏதுமில்லை. நாயன்மார் காலத்திலேயே எழுந்த கேள்விதான் இது.

வீழிமிழலையில் ஒரு கணக்கு

பூந்தோட்டத்திற்கு அருகிலுள்ள திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்தபோது நாட்டில் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசித்திருத்தல் ஆகாதெனத் திருவுளங்கொண்ட இறைவன் அவ்விருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். சம்பந்தருக்குக் கிழக்குப் பீடத்தில். அப்பருக்கு மேற்குப் பீடத்தில். படிக்காசு என்று பெயர் பெற்ற அந்தக் காசைக் கொண்டு இரு திருமடங்களிலும் அமுது சமைத்தனர்.

ஆனால் ஒரு வேறுபாடு தோன்றியது. அப்பருடைய மடத்தில் உரிய நேரத்தில் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தருடைய மடத்தில் காலந்தாழ்ந்தது. காரணம் யாதெனச் சம்பந்தர் வினவினார். அவர் பெற்ற காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள் என்று மடத்தார் விடையிறுத்தனர். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவு. பிற்காலத்தார் வட்டம் என்றும் கூறினர். அப்பர் பெற்ற காசுக்கு வாசி இல்லை. கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்தோறும் புல் செதுக்கிப் பணி செய்தவர் அவர். அவ்வாறு உடலால் உழைத்தவருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பதைச் சம்பந்தர் உணர்ந்தார். பதிகம் பாடி, அன்றுமுதல் தாமும் நற்காசு பெற்றார்.

பெரிய புராணத்தை ஓதும் அன்பர்கள் பலரும் இந்நிகழ்ச்சியை அருளின் பெருமையாகக் கேட்டு மகிழ்வார்கள். அதனுள்ளே ஒரு வணிகச் செய்தியும் இருக்கிறது. காசு கையில் இருப்பதும், அக்காசு முழு மதிப்போடு செல்வதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே வாசி நிற்கிறது. முன்கூட்டி உழைத்தவருக்கு அது குறைகிறது. அல்லது முற்றிலும் நீங்குகிறது.

வராகன் முதல் அட்டை வரை

இதே கடலூரில் அந்த வாசி வெளிப்படையாக நடமாடிய காலமும் உண்டு. கெடிலத்தின் அருகே உள்ள கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையிலுள்ள நிலமும் விலையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் சில ஆண்டுகள் இக்கோட்டையே கும்பினியின் தலைமையிடமாக இருந்தது.

அக்காலத்துக் கடைத்தெருவில் வராகன், பணம், காசு எனப் பலவகை நாணயங்கள் புழங்கின. அவற்றை உரசி, நிறுத்து, மதிப்புரைக்கச் சராப்புகள் இருந்தனர். ஓர் ஊர் நாணயம் மற்றோர் ஊரில் செல்லும்போதெல்லாம் வட்டம் கழிந்தது. 1818இல் கும்பினி 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மதிப்பிட்டு, சென்னை மாகாணத்துக்கு ரூபாயையே பொது நாணயமாக்கியது. உள்நாட்டில் வட்டத்தின் ஆட்சி மெல்லக் குறைந்தது.

கடல் கடந்தால் அது குறையவில்லை. நகரத்தார் உண்டியல் முறிகளால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பணத்தைக் கொண்டுசென்றனர். மேலைநாட்டுப் பயணிகள் 1891 முதல் பயணக் காசோலைகளை ஏந்திச் சென்றனர். இன்று அந்த வேலை அனைத்தையும் கையளவுள்ள ஓர் அட்டை செய்துவிடுகிறது. சராப்பு மறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அவர் அட்டை இயந்திரத்தினுள்ளே புகுந்து அமர்ந்திருக்கிறார். முன்பு கண்ணெதிரே வாசி கேட்டார். இன்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்.

புறப்படுமுன் ஒரு காலைப்பொழுது

அப்பரின் உழவாரப் பணியைப் போல, வாசியைக் குறைக்கும் பணியும் முன்கூட்டிச் செய்ய வேண்டியது. அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அதைச் செலவிட வேண்டிய இடம் கணக்கு வைத்துள்ள வங்கிக் கிளை.

முதலாவது, அட்டையைத் திறத்தல். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாக வழங்கும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்குமாறு அமைக்கப்படுகின்றன. வெளிநாட்டில் பயன்படுத்த விரும்புவோர் தாமே அந்த வசதியைத் திறந்துகொள்ள வேண்டும். வங்கியின் கைப்பேசிச் செயலியில் திறக்கலாம். இயலாதோர் கிளையில் கேட்டுத் திறக்கலாம். அறியாது சென்றவர் அயல்நாட்டு விடுதியில் அட்டையை நீட்டி, அது மறுக்கப்படும்போது பணம் போய்விட்டதோ என்று கலங்குவார். பணம் எங்கும் போகவில்லை. கதவு மட்டும் மூடியிருக்கிறது. திறக்கும்போதே நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் அமைத்துக்கொள்ளலாம். அவ்வரம்பு வேலி போன்றது.

இரண்டாவது, அட்டையின் வாசி எவ்வளவு என்று கேட்டறிதல். அயல்நாட்டு நாணயத்தில் செலவிடும்போது பெரும்பாலான அட்டைகளில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணம் உண்டு. அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. இக்கட்டணமே இல்லாத அட்டைகளையும் சில வங்கிகள் வழங்குகின்றன. ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி அச்சம் தீர்ந்தது.

மூன்றாவது, பயண அட்டை. முன்பணம் செலுத்தி வாங்கும் இவ்வட்டைகளில் டாலர், யூரோ, சிங்கப்பூர் டாலர் போன்ற நாணயங்களை நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூர் மாரியம்மனைத் தரிசிக்கச் செல்வோருக்கு இது பொருந்தும். ஈழத்துக்குச் செல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கை ரூபாய் இவ்வட்டைகளில் பெரும்பாலும் இராது. டாலரை நிரப்பி இலங்கையில் செலவிட்டால் ரூபாய் டாலராகும்போது ஒரு வாசி, டாலர் இலங்கை ரூபாயாகும்போது இன்னொரு வாசி என்று இருமுறை கழியும்.

நான்காவது, கைச்செலவுக்கான பணம். வெளிநாட்டு நோட்டுகளை ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற மாற்றகத்தில் மட்டுமே வாங்கி, இரசீதும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை நோட்டுகளாகக் கொண்டுசெல்லலாம். இந்திய ரூபாய் நோட்டுகளாக 25,000 வரை உடன்கொண்டு செல்லலாம். திரும்பி வரும்போது வீடு சேரும் செலவுக்கு அது உதவும்.

ஐந்தாவதே மிக முக்கியமானது. பல முதிய தம்பதியரிடம் அட்டை ஒன்றே இருக்கும். அதன் இரகசிய எண் கணவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அயல்நாட்டில் அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் அம்மையார் கையில் காசில்லாமல் நிற்க நேரும். கூட்டுக் கணக்கில் இருவருக்கும் தனித்தனி அட்டை பெறலாம். இருவரும் தத்தம் அட்டையை ஒருமுறையேனும் உள்ளூரில் பயன்படுத்திப் பழகலாம். இரண்டு அட்டைகளையும் இரண்டு பைகளில் வைக்கலாம். ஒன்று தொலைந்தால் மற்றொன்று ஊர் சேர்க்கும்.

எந்த நாணயத்தில்?

காங்கேசன்துறையில் இறங்கும் அன்பர்களுக்கு முதலில் கிட்டுவது கீரிமலைத் தீர்த்தமும் நகுலேசுவரமும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அருகிலேயே உள்ளது. பின்பு யாழ்ப்பாணத்து நல்லூர். ஆடவர் மேலாடை களைந்து வழிபடும் அந்தத் தூய சந்நிதியில் நெடுங்காலமாக அருச்சனைச் சீட்டின் விலை 1 இலங்கை ரூபாயே. செல்வருக்கும் அதே சீட்டு. வறியவருக்கும் அதே சீட்டு. நாட்டில் விலைவாசி எவ்வளவோ ஏறியும் நல்லூர்க் கந்தன் தன் விலையை ஏற்றவில்லை.

கந்தன் வாசி கேட்பதில்லை. ஊர்தங்கும் விடுதியிலோ கடையிலோ உள்ள அட்டை இயந்திரம் கேட்கும். அது கேட்கும் முறை மிகவும் இனிமையானது. “உங்கள் நாட்டு ரூபாயிலேயே கணக்கிடட்டுமா? அல்லது இந்நாட்டு ரூபாயிலா?” என்று திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றும். பழகிய இந்திய ரூபாயைக் கண்டதும் முதியோரின் விரல் அதன்மேல் செல்வது இயல்பு. கணக்கு உடனே புரிகிறது என்னும் நிறைவும் உண்டு. அந்த நிறைவுக்குத்தான் விலை. இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று மதிப்பை நிறுவுவது அந்தக் கடையின் பக்கத்தில் உள்ள நிறுவனம். அது தன் இலாபத்தைச் சேர்த்தே மதிப்பிடும். அந்நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்றுவது அட்டை வலையமைப்பு. அதன் மதிப்பு பெரும்பாலும் சந்தை மதிப்பையொட்டி இருக்கும்.

ஒரு கணக்கினால் இது விளங்கும். கணக்கின் பொருட்டு 1 இந்திய ரூபாய்க்கு 3.50 இலங்கை ரூபாய் என்று கொள்ளலாம். விடுதிக் கட்டணம் 35,000 இலங்கை ரூபாய். அதாவது 10,000 இந்திய ரூபாய். இலங்கை ரூபாயில் செலுத்தினால் 3.5 விழுக்காட்டு அட்டையில் கட்டணம் 350 ரூபாய், ஜி.எஸ்.டி. 63 ரூபாய், ஆக மொத்தம் 10,413 ரூபாய். இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்து, கடைப்பக்க நிறுவனம் 5 விழுக்காடு கூட்டினால் 10,500 ரூபாய் ஆகும். அதோடு முடியாது. அயல்நாட்டுக் கடையில் இந்திய ரூபாயில் செலுத்தியதற்கென்றே சில வங்கிகள் தனிக் கட்டணம் கொள்ளுகின்றன. அது 1 விழுக்காடு எனில் வரியோடு சேர்த்து ஏறத்தாழ 124 ரூபாய் கூடி, மொத்தம் 10,624 ரூபாய் ஆகிவிடும். ஒரே அறை, ஒரே இரவு, விரல் பட்ட இடம் மட்டும் வேறு.

ஆதலால் நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணின் காசிலேயே செலுத்துதல். சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர், மலேசியாவில் ரிங்கிட், ஈழத்தில் இலங்கை ரூபாய். கடைக்காரர் தாமே தேர்ந்தெடுத்துவிட்டால், அதை நீக்கி மறுமுறை இடுமாறு பணிவோடு கேட்கலாம். அதில் தவறேதுமில்லை.

ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும், விடையும் இதுவே. அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. தவணைக்கு 10,000 இலங்கை ரூபாயாக ஐந்து முறை எடுப்போரும், ஒரே முறையில் 50,000 எடுப்போரும் உண்டு. ஒவ்வொரு முறைக்கும் சொந்த வங்கி 125 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கொள்ளுவதாயின் அது 147.50 ரூபாய். ஐந்து முறைக்கு 737.50 ரூபாய், ஒரு முறைக்கு 147.50 மட்டுமே. அயல்நாட்டு வங்கியும் தன் இயந்திரத்துக்குக் கட்டணம் கேட்டால் அதுவும் ஐந்து மடங்காகும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை அறவே தவிர்த்தல் நலம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

விடுதியிலும் ஏ.டி.எம்.மிலும் சேர்த்துப் பார்த்தால், அறிந்து செய்தவருக்கும் அறியாமல் செய்தவருக்கும் இடையே ஏறத்தாழ 800 இந்திய ரூபாய் வேறுபாடு. நல்லூர்க் கணக்கில் அது 2,800 அருச்சனைச் சீட்டு.

கைப்பேசி வழியே செலுத்தும் முறையும் இப்போது கடல் கடந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீசியசிலும் யு.பி.ஐ. சேவை தொடங்கப்பட்டது. கடைகளில் வைத்திருக்கும் கியூ.ஆர். அட்டையை இந்தியச் செயலியால் படித்துச் செலுத்தலாம். இதற்கும் முன்கூட்டியே செயலியில் வெளிநாட்டு வசதியைத் திறந்திருக்க வேண்டும். கைப்பேசியில் இணையமும் இருக்க வேண்டும். எவ்வளவு இந்திய ரூபாய் கழியும் என்பதை உறுதி செய்யுமுன் பார்த்துக்கொள்ளலாம்.

பாலாவியும் சுவாமிமலைப் பாறையும்

மன்னாருக்கு அருகே பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கீசியர் காலத்தில் கோயில் அழிந்தது, கற்கள் சிதறின, காடு மூடியது. 1872இல் ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்டெடுக்குமாறு சைவ மக்களை நோக்கி அறைகூவினார். அடியார்கள் காசு காசாகச் சேர்த்தனர். போர்க்காலத்தில் மீண்டும் இடருற்ற கோயில், கருங்கல் திருப்பணி பெற்று 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது.

கிழக்குக் கரையில் கடலைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் பாறையின்மேல் திருக்கோணமலை. சம்பந்தர் பாடிய கோணேசுவரம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்தனர். அப்போது அடியார்கள் மண்ணுக்குள் மறைத்த திருமேனிகள் 1950இல் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. பாறையின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால் நீலக்கடல் மட்டுமே தெரியும். அதே கடலின் மேற்குக் கரையில்தான் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது.

இத்தகைய தலங்களில் சிறு செலவுகள் ரொக்கத்தில்தான் நடக்கும். அருச்சனை, பூத்தட்டு, காலணி காப்போர், முச்சக்கர வண்டி, இளநீர் ஆகியவற்றுக்கு அட்டை உதவாது. பெரிய நோட்டுகளை விடுதியிலேயே சில்லறையாக மாற்றிக்கொண்டு செல்லுதல் நலம். உண்டியலில் இடும் காணிக்கையும் அந்நாட்டு நாணயமாகவே இருந்தால் கோயிலாருக்கு மாற்றும் வேலை இராது; அடியார் இட்ட காணிக்கை வாசியில்லாமல் இறைவனைச் சேரும்.

அச்சம் கொள்ளும் பெருங்கட்டணம்

இத்தனை கட்டணங்களையும் கூட்டினாலும் அவை சில ஆயிரம் ரூபாய்தாம். அவற்றைவிடப் பெரிய இழப்பு அச்சத்தால் நேருகிறது. அட்டையைக் கண்டு அஞ்சிய முதியோர் சிலர், ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் நோட்டுகளாக்கி இடுப்பில் கட்டிச் செல்வர். தீர்த்தமாடும் இடத்தில் அந்தப் பையைக் கழற்றி வைக்க வேண்டிவரும். வேறு சிலர் அட்டையையும் இரகசிய எண்ணையும் உடன்வந்த இளைஞரிடமோ வழிகாட்டியிடமோ கொடுத்து, “நீயே எடுத்துக் கொண்டு வா தம்பி” என்பர். தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இரகசிய எண்ணைத் தாமே கொடுத்தவருக்குப் பின்னால் ஏதேனும் நேர்ந்தால், இழப்பு அவரையே சேரும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை முதியோருக்குப் பெருந்துணை. வாடிக்கையாளர் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், பிறரால் மோசடி நேர்ந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் இழப்பு அவரைச் சாராது என்று அது வகுத்தது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஆகவே விரைந்து தெரிவிப்பதே காப்பு. அதற்குக் குறுஞ்செய்தி வந்து சேர வேண்டும்; கைப்பேசி எண்ணுக்கு வெளிநாட்டு வசதியைப் புறப்படுமுன்பே பெற்றிருக்க வேண்டும். இணையவழிச் செலவுக்கான ஓ.டி.பி.யும் அதே எண்ணுக்குத்தான் வரும். 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் அயல்நாட்டிலிருந்து பெரும்பாலும் இணைவதில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென வங்கி தரும் எண்ணை, கைப்பேசியில் மட்டுமன்றித் தேவாரப் புத்தகத்தின் உள்ளட்டையிலும் எழுதி வைத்தல் நன்று. இரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதலாகாது.

பணம் எடுக்கும்போது வங்கிக் கட்டடத்தை ஒட்டிய இயந்திரத்தையே நாடுதல், எண்ணை அழுத்தும்போது மறு கையால் மறைத்தல், இரசீதுகளை ஓர் உறையில் சேர்த்தல் ஆகிய பழக்கங்கள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியவை.

மீண்டும் புலியூர்

யாத்திரை முடிந்து ஊர் திரும்புவோர் செய்ய வேண்டிய பணி இன்னும் சிறிது உண்டு. எஞ்சிய வெளிநாட்டு நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். மிகுதியை 180 நாட்களுக்குள் வங்கியிலோ மாற்றகத்திலோ ஒப்படைக்க வேண்டும். அட்டையின் வெளிநாட்டு வசதியை மூடிவிட வேண்டும். கணக்கு அறிக்கையை உறையிலுள்ள இரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். பயணத்துக்கு முன் எழுதி வைத்த இரண்டு எண்களும் அறிக்கையில் உள்ள எண்களும் ஒத்திருந்தால், அந்த முதியவர் தம் காசைத் தாமே ஆண்டவர் ஆவார்.

திருப்பாதிரிப்புலியூரில் மாலைப் பூசை மணி ஒலிக்கும்போது, ஈழத்துத் திருநீற்றைச் சிறு பொட்டலமாக மடித்து எடுத்து வந்து பாடலீசுவரர் திருமுன் நிற்கும் தம்பதியரைக் காணலாம். அருகில் நிற்கும் மற்றொரு மூதாட்டி, “நாங்களும் போகணும்னு இருக்கோம், பணங்காசு விஷயந்தான் பயமா இருக்கு” என்று கூறக்கூடும். அவருக்குக் கூற வேண்டிய விடை நீண்டதன்று. போகும் முன் ஒரு காலைப்பொழுது வங்கியில் உட்காருங்கள். இருவருக்கும் ஓர் அட்டை வாங்குங்கள். இயந்திரம் கேட்டால் அந்த ஊர்க் காசையே சொல்லுங்கள்.

அப்பர் பெருமானின் காசு கடையில் முழு மதிப்போடு சென்றதற்குக் காரணம் அவர் கையிலிருந்த உழவாரம். இக்காலத்து அடியாரின் காசுக்கும் அத்தகைய சிறு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பால் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் கோணேசர் திருமுன் ஒரு விளக்காக எரியும். கேதீச்சரத்தில் ஒரு கூடைப் பூவாக மலரும். நல்லூரில் பல சீட்டுகளாக, பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சிக்கப்படும்.